பன்னாட்டு நலவாழ்வு நிதி குறைகிறது: கைமாற்றத்தை எப்படி நடத்துவது?

சாலையோரம் எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். ஏழை நாடுகளின் நோய்த்தடுப்புக்கும் சிகிச்சைக்கும் கால் நூற்றாண்டாகப் பணம் கொடுத்துவந்த நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கையை இழுத்துக்கொள்கின்றன. அந்தப் பணத்தின் இடத்தில் இனி எது வர வேண்டும், யார் பொறுப்பில் வர வேண்டும், எத்தனை ஆண்டுகளில் வர வேண்டும் என்ற கேள்வியை உங்கள் முன் வைக்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

நடந்தது பலருக்கும் தெரிந்திருக்கும். 2025 ஜனவரி 20 அன்று அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளை 90 நாள்களுக்கு நிறுத்திவைத்தது. உலகச் சுகாதார நிறுவனத்திலிருந்து விலகும் ஆணையிலும் அதே நாளில் கையெழுத்தானது. மார்ச் மாதத்துக்குள், அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யு.எஸ்.எய்ட் நடத்திய திட்டங்களில் 83 விழுக்காடு ரத்தாகிவிட்டதாக அந்நாட்டு வெளியுறவு அமைச்சர் அறிவித்தார். ஜூலை 1-ஆம் தேதி அந்த நிறுவனமே இல்லாமல் போனது. பிரிட்டன் தன் தேசிய வருவாயில் 0.5 விழுக்காடாக இருந்த உதவியை 2027-க்குள் 0.3 ஆகக் குறைக்கிறது. 2021-இல், கொரோனா உச்சத்தில் இருந்தபோது, ஏறத்தாழ 8,000 கோடி டாலராக இருந்த நலவாழ்வு உதவி 2025-இல் 3,900 கோடியாகச் சுருங்கியதாக வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் மதிப்பிட்டிருக்கிறது. யு.எஸ்.எய்ட் வெட்டுகள் மட்டுமே 2030-க்குள் 1.4 கோடிக்கு மேற்பட்ட கூடுதல் இறப்புகளுக்குக் காரணமாகலாம் என்று லான்செட் இதழில் வந்த ஆய்வு கணித்தது. அது கணிப்புதான், ஆனால் அதில் பாதி உண்மையானாலும் எனக்கு உறக்கம் வராது.

இதில் எனக்கு என்ன அக்கறை என்று கேட்கலாம். 1995-இல் யு.எஸ்.எய்ட் பணத்தில், சென்னை அடையாற்றிலுள்ள தன்னார்வ நலவாழ்வு மருத்துவமனையின் வழியாக, தமிழ்நாட்டில் எய்ட்ஸ் தடுப்புத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, அத்திட்டத்தின் கீழ் இயங்கிய ஒரு சிறு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளனாகச் சேர்ந்தேன். உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் லாரிகள் நிற்கும் இடங்களில் இரவு பத்து மணிக்கு மேல்தான் எங்கள் வேலை தொடங்கும். கையில் படவிளக்க அட்டைகள், தோள்பையில் நிரோத் ஆணுறைப் பாக்கெட்டுகள். பஞ்சர் கடை ஒன்றில் பழைய பிஸ்கட் டப்பாவை வைத்து அதை நிரப்பிவிட்டு வருவேன். கேட்டு வாங்கக் கூச்சப்படும் ஓட்டுநர்கள் தாங்களே எடுத்துக்கொள்வார்கள். மறுநாள் போய், எத்தனை குறைந்திருக்கிறது என்று எண்ணி நோட்டில் எழுதுவேன்.

பிற்காலத்தில் வெளிநாட்டுப் பணம் நின்றது. வேலை மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் கீழ் வந்தது. சம்பளச் சீட்டில் தலைப்பு மாறியது. இடையில் மூன்று மாதம் சம்பளம் தாமதமானதும் உண்மை. ஆனால் அந்த டப்பா ஒரு நாள்கூடக் காலியாக இருந்ததில்லை. ஏனென்றால் பணம் நிற்கப்போகிறது என்று எங்களுக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. சில ஆண்டுகள் கிடைப்பதற்கும் சில நாள்கள் கிடைப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டும் என்று விரும்புகிறேன்.

வன்னிக்காற்று எழுதியது:

வணக்கம் ஐயா. நான் வவுனியாவில் சுகாதாரத் துறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். நீங்கள் சொன்ன அந்த வேறுபாட்டுக்கு இலங்கையை விடத் தெளிவான சாட்சி இல்லை என்பதால் எழுதுகிறேன்.

1963-இல் எங்கள் நாடு முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் பதினேழு பேர் மட்டுமே. அதற்கு முன்னர் ஆண்டுக்கு இலட்சக்கணக்கானோர் படுத்த படுக்கையாகிய நாடு இது. வீடு வீடாக டி.டி.ரி. பூச்சிமருந்து தெளித்தும், காய்ச்சற்காரர் ஒவ்வொருவரினதும் இரத்தத்தைச் சோதித்தும் பெற்ற வெற்றி அது. வெற்றி வந்தவுடன் தெளிப்பு நிறுத்தப்பட்டது, கண்காணிப்பு தளர்ந்தது, பணமும் கவனமும் வேறு பக்கம் போயின. 1967 இறுதியிலிருந்து நோய் திரும்பியது. 1969-இல் பதிவான நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகத் தேங்கியது, இரத்தினக்கல் அகழ்ந்த குழிகளில் நீர் நின்றது, நுளம்புகள் (கொசுக்கள்) மருந்துக்குப் பழகியது என்று பல காரணங்களைச் சொல்வார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அவற்றைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டிய ஆட்கள் அந்த நேரத்தில் களத்தில் போதியளவு இல்லை என்பதும் உண்மை.

அந்த இழப்பிலிருந்து மீள எங்களுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எடுத்தது. போர்க்காலத்திலும் இரு தரப்புப் பகுதிகளுக்கும் மருந்தும் வலைகளும் போய்ச் சேர வேண்டும் என்ற உடன்பாடு பெரும்பாலும் காக்கப்பட்டது. எய்ட்ஸ், காசநோய், மலேரியா ஆகியவற்றுக்கான உலக நிதியத்தின் மானியங்கள் வடக்கு கிழக்கில் பெரும் துணையாக இருந்தன. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளர் 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழ் கிடைத்தது.

சான்றிதழ் கிடைத்த அதே ஆண்டின் இறுதியில் மன்னாரில் ஒரு கிணற்றில் புதிய நுளம்பு இனத்தின் குடம்பிகள், அதாவது புழுக்கள், கண்டுபிடிக்கப்பட்டன. இந்தியாவின் நகரங்களில் மலேரியாவைப் பரப்புகின்ற அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற இனம் அது. அதைக் கண்டுபிடித்தது யார்? நோயாளரே இல்லாத நாட்டில் கிணறு கிணறாக எட்டிப் பார்த்து, கரண்டியால் நீரை அள்ளி, குடம்பி இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்த உத்தியோகத்தர்கள்தான். அவர்களின் சம்பளத்துக்கு எந்த வெளிநாட்டுக் கொடையாளர் இனிப் பணம் தருவார்? “நோயாளர் எண்ணிக்கை: பூச்சியம்” என்று எழுதிய அறிக்கையைக் காட்டி நிதி கேட்பது எத்தனை கடினம் என்பதை நான் கூட்டங்களில் இருந்து பார்த்திருக்கிறேன்.

நிகர்நிலை எழுதியது:

இருவருடைய பதிவுகளும் மதிப்புக்குரியவை. ஆயினும் நான் வேறு திசையிலிருந்து பேச வேண்டியிருக்கிறது. இந்த உதவி முறை முடிவுக்கு வருவதை நான் இழப்பாகப் பார்க்கவில்லை.

உலகச் சுகாதார நிறுவனத்தையே எடுத்துக்கொள்வோம். உறுப்பு நாடுகள் கட்டாயமாகச் செலுத்தும் பங்களிப்பு, அண்மைக் காலம் வரை அதன் வரவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருந்தது. மீதி ஏறத்தாழ அனைத்தும் விருப்பக் கொடை. அதிலும் பெரும்பகுதி, “இந்த நோய்க்கு, இந்த வட்டாரத்துக்கு மட்டும்” என்ற நிபந்தனையோடு வரும் பணம். எந்த நோய் முக்கியம் என்பதை நோயுற்றவனின் நாடு முடிவு செய்யவில்லை. பணம் வைத்திருந்தவர் முடிவு செய்தார். எச்.ஐ.வி.க்கு என்று தனிக் கட்டடம், தனி ஊழியர், தனிப் பதிவேடு. அதே வளாகத்தில் நீரிழிவுக்காரருக்கு மாத்திரை இல்லை. இப்படி எத்தனை ஊர்களில் பார்த்தோம்?

கொரோனாக் காலத்தை மறந்துவிட வேண்டாம். 2021 முடிவதற்குள் 200 கோடித் தவணைத் தடுப்பூசிகளை வழங்குவதாக, ஏழை நாடுகளுக்கும் தடுப்பூசி கிடைக்கச் செய்ய அமைத்த கோவேக்ஸ் ஏற்பாடு சொன்னது. அந்த ஆண்டு முடிந்தபோது அதில் பாதியைக்கூட எட்டவில்லை. செல்வந்த நாடுகள் தம் மக்கள்தொகையைப் போல் பல மடங்கை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டன. மறுபுறம் கடன் சுமை. கல்விக்கோ நலவாழ்வுக்கோ செலவிடுவதைவிட வட்டிக்கு அதிகமாகச் செலவிடும் நாடுகளில் 340 கோடி மக்கள் வாழ்வதாக ஐ.நா.வின் வணிக வளர்ச்சி அமைப்பு 2025-இல் கணக்கிட்டது. ஒரு கையால் உதவி கொடுத்து மறு கையால் வட்டியாக வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை நாம் ஏன் காக்க வேண்டும்?

2001-இல் அபுஜாவில் கூடிய ஆப்பிரிக்கத் தலைவர்கள் தம் வரவுசெலவில் 15 விழுக்காட்டை நலவாழ்வுக்கு ஒதுக்குவதாக உறுதி கூறினார்கள். கால் நூற்றாண்டு ஆகியும் மிகச் சில நாடுகளே அதை எட்டின. வெளியிலிருந்து பணம் வந்துகொண்டிருந்த வரை உள்ளே யாரும் கேட்கவில்லை. இப்போது கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். 2025 பிப்ரவரியில் நைஜீரிய நாடாளுமன்றம் நலவாழ்வுக்குக் கூடுதலாக 20 கோடி டாலரை ஒதுக்கியது. ஆகஸ்டில் கானா அதிபர் மஹாமா அக்ராவில் கூட்டிய மாநாட்டின் பேச்சு முழுவதும் நலவாழ்வு இறையாண்மை பற்றியது. இந்த மாற்றம் வலியோடு வந்தாலும் வர வேண்டிய மாற்றமே.

நைரோபி மருந்தாளுநர் எழுதியது:

நிகர்நிலை அவர்களுக்கு: நீங்கள் சொன்னவற்றில் பலவற்றை என் கென்ய நண்பர்களும் சொல்கிறார்கள். நானும் ஏற்கிறேன். ஆனால் “வலியோடு வந்தாலும்” என்று ஒரு சொல்லில் கடந்துவிட்டீர்கள். அந்தச் சொல்லுக்குள் என்ன இருந்தது என்பதை நான் பார்த்த அளவில் எழுதுகிறேன்.

சொந்த ஊர் திருநெல்வேலி. பதினோரு ஆண்டுகளாக இங்கே மருந்து வழங்கலில் வேலை பார்க்கிறேன். 2025 ஜனவரியின் கடைசி வாரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, வேலையை நிறுத்தும்படி மின்னஞ்சல் வந்தது. திங்கட்கிழமை காலை நான் கிடங்குக்குப் போனபோது மருந்துப் பெட்டிகள் கூரை வரை அடுக்கியபடி அப்படியே இருந்தன. எச்.ஐ.வி. மருந்துக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் அதை ஏற்றிச் செல்லும் லாரி ஒப்பந்தம் அமெரிக்கப் பணத்தில் இருந்தது, நின்றுவிட்டது. எந்த மருத்துவமனைக்கு எத்தனை டப்பா என்று கணக்குப் போடும் கணினி எழுத்தர்களின் சம்பளம் அதே பணத்தில் இருந்தது, அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். உயிர்காக்கும் மருந்துகளுக்கு விலக்கு உண்டு என்று நான்கைந்து நாளில் அறிவிப்பு வந்தது. அந்த விலக்கு எந்த ஒப்பந்தத்துக்குப் பொருந்தும் என்று எழுத்தில் சொல்ல அங்கே ஆள் இல்லை. சொல்ல வேண்டியவர்களும் வேலை இழந்திருந்தார்கள்.

விக்டோரியா ஏரிக்கரையிலுள்ள ஹோமா பே பக்கம், இந்த நாட்டில் எச்.ஐ.வி. மிக அதிகமான பகுதிகளில் ஒன்று அது, எனக்குத் தெரிந்த ஒரு சிறு மையத்தில் ஒருவருக்கு ஆறு மாதத்துக்கு மாத்திரை கொடுத்து அனுப்பும் வழக்கம் இருந்தது. இருப்பு எப்போது வரும் என்று தெரியாததால் ஒரு மாதத்துக்கு மட்டும் என்று குறைத்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பேருந்துக் கட்டணம் திரட்டிக்கொண்டு வந்த மீனவப் பெண்கள் மாதந்தோறும் திரட்ட வேண்டியதாயிற்று. சிலர் வருவதை நிறுத்தினார்கள். வீடு தேடிப் போய் அழைத்து வருவதற்கென்றே இருந்த, தாங்களும் அதே நோயோடு வாழும், வழிகாட்டித் தாய்மார் வேலையிலிருந்து நீக்கப்பட்டிருந்தார்கள். கட்டடம் இருந்தது, செவிலியர் இருந்தார், மாத்திரையும் பிறகு வந்தது. இடையில் இருந்த இழை அறுந்தது.

இறையாண்மை பற்றிச் சொன்னீர்கள். இப்போது வந்திருக்கும் புதிய முறையையும் பாருங்கள். 2025 டிசம்பர் 4-ஆம் தேதி கென்யாவும் அமெரிக்காவும் ஐந்தாண்டு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டன. அமெரிக்கா 160 கோடி டாலர் வரை தரும். கென்யா தன் பங்காக 85 கோடி டாலரைக் கூட்டும். பொறுப்பு படிப்படியாக அரசிடம் வரும். படிப்படியாக என்ற அந்த ஒரு அம்சத்தை நான் வரவேற்கிறேன். ஆனால் ஒரு வாரத்துக்குள், நோயாளிகளின் தகவல்களைப் பகிரும் பகுதிக்கு இங்குள்ள உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பல நாடுகள் ஒன்றாக உட்கார்ந்து விதி வகுக்கும் மேசை போய்விட்டால், ஒரு சிறிய நாடும் ஒரு வல்லரசும் தனி அறையில் பேச வேண்டியிருக்கும். அந்த அறையில் எங்கள் பேரம் பேசும் வலு எவ்வளவு?

இளவேனில் எழுதியது:

நான் மக்கள்தொகையியல் மாணவி. பணத்தையும் மருந்தையும் பற்றிப் பேசுகிறீர்கள். எண்களைப் பற்றியும் ஒரு சொல். 1984 முதல் ஏறத்தாழ 90 நாடுகளில் குடும்பநல ஆய்வுகளை நடத்திவந்த திட்டமும் 2025 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. பிறந்த குழந்தைகளில் எத்தனை பேர் ஐந்து வயதைத் தாண்டுகிறார்கள் என்பதைப் பல நாடுகள் அந்த ஆய்வின் மூலமாகவே அறிந்துவந்தன. பிறகு வேறு சில கொடையாளர்கள் நடந்துகொண்டிருந்த ஆய்வுகளை முடிக்கும் அளவுக்குப் பணம் கொடுத்தார்கள். இந்த வெட்டுகளால் எத்தனை பேர் இறந்தார்கள் என்று பத்தாண்டு கழித்து எண்ணிப் பார்க்க நினைத்தால், எண்ணுவதற்கான கருவியும் அதே வெட்டில் சேதமாகியிருக்கிறது.

என் கேள்வி ஒன்று: இந்தியா போன்ற நாடுகள் இந்த இடைவெளியில் எவ்வளவை ஏற்க முடியும்?

கொள்முதல் மேசை எழுதியது:

இளவேனில் அவர்களின் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன். நான் மருந்துக் கொள்முதலில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன்.

இந்தியா கொடுத்த மிகப் பெரிய உதவி பணமாக இருந்ததில்லை, விலையாக இருந்தது. 2000-ஆம் ஆண்டில் எச்.ஐ.வி. கூட்டு மருந்துக்கு ஒருவருக்கு ஓராண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆகும். 2001 பிப்ரவரியில் சிப்லா நிறுவனத்தின் யூசுப் ஹமீத் அதை 350 டாலருக்கு, அதாவது நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவாக, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்குத் தருவதாக அறிவித்தார். இன்று அதைவிடச் சிறந்த மருந்து, ஒரே மாத்திரையாக, ஆண்டுக்கு 45 டாலருக்கும் கீழே உலக நிதியத்துக்குக் கிடைக்கிறது. நிகர்நிலை அவர்கள் இதை இறையாண்மையின் வெற்றி என்று சொல்லக்கூடும். அதில் தவறில்லை. ஆனால் 350 எப்படி 45 ஆனது என்பதையும் பார்க்க வேண்டும். 2002-இல் உலக நிதியம் வந்தது. 2003-இல் அமெரிக்காவின் எய்ட்ஸ் உதவித் திட்டமான பெப்ஃபார் வந்தது. ஆண்டுதோறும் கோடிக்கணக்கான டப்பா வாங்குவோம், பணம் உறுதி என்று சொல்ல ஆள் இருந்ததால்தான் ஹைதராபாத் ஆலைகள் விரிவடைந்தன, மூலப்பொருள் விலை இறங்கியது. கொடையாளரின் பணமும் நம் ஆலைகளின் திறமையும் ஒன்றையொன்று தூக்கி நிறுத்தின. ஒன்றை எடுத்தால் மற்றது சாயும்.

இப்போது கண்முன் இருக்கும் சோதனை லெனகாபவிர். ஆண்டுக்கு இரண்டு முறை போட்டுக்கொண்டால் எச்.ஐ.வி. தொற்றாமல் ஏறத்தாழ முழுமையாகக் காக்கும் ஊசி. அமெரிக்காவில் அதன் விலை ஆண்டுக்கு 28,000 டாலருக்கு மேல். டாக்டர் ரெட்டீஸ், ஹெட்டிரோ ஆகிய இரண்டு ஹைதராபாத் நிறுவனங்களும் 2027 முதல் 40 டாலருக்குத் தர ஒப்புக்கொண்டிருக்கின்றன. இப்படி ஒரு கருவி கைக்கு வரும் நேரத்தில் வாங்குபவரின் பை சுருங்குகிறது. 2025 நவம்பர் 21 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் உலக நிதியத்துக்காக அறிவிக்கப்பட்ட தொகை 1,134 கோடி டாலர். கேட்டது 1,800 கோடி. 2022-இல் கிடைத்தது 1,570 கோடி. அதற்கு முன்பே, கையெழுத்தாகி நடந்துகொண்டிருந்த மானியங்களிலிருந்து 143 கோடி டாலரைத் திரும்பக் குறைக்க வேண்டிய நிலை அந்த நிதியத்துக்கு ஏற்பட்டது.

சிறு நாடுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக டெண்டர் விட்டால் இந்த விலை கிடைக்காது. தமிழ்நாட்டில் 1994-இல் மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டதன் பயனும் இதுவே. அதற்கு முன் ஒவ்வொரு மருத்துவமனையும் கிடைத்த விலைக்கு வாங்கியது. பிறகு மாநிலத்துக்கு ஒரே விலை, மாவட்டக் கிடங்கு, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். அந்தப் புத்தகத்தில் ஒதுக்கீட்டுத் தொகை இருக்கும். மருந்து எடுக்க எடுக்கக் கழித்து எழுதுவார்கள். வங்கிப் புத்தகம் போன்ற சாதாரண ஏற்பாடுதான். ஆனால் எந்த மருத்துவமனையில் எந்த மருந்து தேவைக்கு மேல் போகிறது, எது தேங்குகிறது என்பது அதில் தெரிந்துவிடும். ஆப்பிரிக்க நோய்த்தடுப்பு மையம் இப்போது கண்டம் முழுமைக்கும் கூட்டுக் கொள்முதல் அமைக்க முயல்கிறது. இந்தியா உதவ வேண்டிய இடம் அது என்பது என் கருத்து.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 2021 மார்ச்சில் இங்கே இரண்டாம் அலை எழுந்தபோது நாம் தடுப்பூசி ஏற்றுமதியை நிறுத்தினோம். மீண்டும் கோவேக்ஸுக்கு அனுப்பியது நவம்பரில். கோவேக்ஸ் நம் ஒரு நிறுவனத்தையே பெரிதும் நம்பியிருந்ததால் ஆப்பிரிக்கா முழுவதும் காத்திருந்தது. அன்றைய நிலையில் எந்த அரசும் அதைத்தான் செய்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியும். ஆனால் அதற்குப் பிறகு, எங்களை நம்பியிருங்கள் என்று மட்டும் அவர்களிடம் சொல்ல முடியாது.

நிகர்நிலை எழுதியது:

நைரோபி நண்பரின் பதிவை இரண்டு முறை படித்தேன். “வலியோடு வந்தாலும்” என்று நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அந்தப் பெண்களிடம் பேருந்துக் கட்டணம் இல்லாமற்போனதை மாற்றத்தின் விலை என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

ஆனால் என் அடிப்படை வாதம் நிற்கிறது. கொள்முதல் மேசை அவர்கள் சொன்ன 2021 நிகழ்வே அதற்குச் சான்று. நல்லெண்ணத்தை நம்பி இருக்க முடியாது. எழுதப்பட்ட கடமை வேண்டும். 2025 மே 20-ஆம் தேதி ஜெனீவாவில் பெருந்தொற்று உடன்படிக்கை ஏற்கப்பட்டது. முந்தைய நாள் குழுவில் நடந்த வாக்கெடுப்பில் ஆதரவாக 124 நாடுகள், எதிர்ப்பு இல்லை, 11 நாடுகள் நடுநிலை. அதன் உயிர்நாடி, கிருமி மாதிரிகளையும் அதிலிருந்து பிறக்கும் பயனையும் பகிரும் பகுதி. பெருந்தொற்று வரும்போது பங்கேற்கும் நிறுவனங்கள் தம் உற்பத்தியில் 20 விழுக்காட்டை உலகச் சுகாதார நிறுவனத்தின் கையில் தர முயல வேண்டும். அதில் குறைந்தது பாதி இலவசம். ஆனால் எந்த நிபந்தனையில், எந்த ஒப்பந்தத்தில் என்பதைச் சொல்லும் பின்னிணைப்பை மட்டும் பின்னர் பேசிக்கொள்ளலாம் என்று ஒதுக்கினார்கள். கிருமியைக் கொடுப்பது ஏழை நாட்டின் கடமை, தடுப்பூசியைக் கொடுப்பது செல்வந்தரின் விருப்பம் என்ற நிலை அந்தப் பின்னிணைப்பில் மாறாவிட்டால், முன்பக்கத்தில் என்ன எழுதியிருந்தாலும் பயனில்லை.

சேத்துப்பட்டுவாசி எழுதியது:

இதுவரையான பேச்சில் கூட்டுறவு என்றாலே பணம் போகும் வழி என்று ஆகிவிட்டது. என் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் ஒரு கட்டடத்தின் கதையைச் சொல்ல அனுமதியுங்கள்.

1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து அமைத்தது. அன்று உலகெங்கும் காசநோய்க்காரரைச் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வைப்பதே முறை. இங்கே படுக்கைகளோ மிகச் சில. ஆகவே ஒரு நேரடியான கேள்வியை எடுத்துக்கொண்டார்கள்: ஒற்றை அறையில் ஆறேழு பேர் வாழும் வீட்டில், போதிய உணவும் இல்லாமல், அதே மாத்திரையைச் சாப்பிட்டால் நோய் குணமாகுமா, ஆகாதா? நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மறு பகுதியினரை வீட்டிலும் வைத்து ஓராண்டு மருந்து கொடுத்தார்கள். முடிவு 1959-இல் வெளிவந்தது. குணமடைவதில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை; வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. பணக்கார நாடுகளும் அதன்பின் தம் சானடோரியங்களை மூடின.

எளிய சென்னைக் குடும்பங்களின் உடலிலிருந்து பெறப்பட்ட அந்த அறிவு லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் பயன்பட்டது. யார் யாருக்கு உதவினார்கள் என்று கேட்டால் அதற்கு ஒருவழிப் பதில் கிடையாது. பனிப்போர் உச்சத்தில் இருந்தபோது சோவியத் ஒன்றியம் கொடுத்த தடுப்பு மருந்தும் அமெரிக்கர்களின் களப்பணியும் ஒரே திட்டத்தில் சேர்ந்துதான் பெரியம்மை ஒழிந்தது. இன்றும் உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். 2022 முதல் தமிழ்நாட்டில் நடக்கும் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் கண்டறியப்பட்ட உடனேயே எடை, உயரம், மூச்சு வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, கால் வீக்கம் ஆகியவற்றைப் பார்த்து, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்றும் கேட்டு, நிலை மோசமானவரை அன்றே படுக்கையில் சேர்க்கிறார்கள். தராசும் விரலில் மாட்டும் கருவியும் இருந்தால் மலாவியிலும் இதைச் செய்யலாம். இத்தகைய அறிவு ஊர் விட்டு ஊர் போவதற்கான தபால்காரராக உலகச் சுகாதார நிறுவனம் இருந்துவந்தது. அதன் 2026-27 ஈராண்டு வரவுசெலவு, முதலில் திட்டமிட்டதிலிருந்து ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்து, 420 கோடி டாலராகச் சுருக்கப்பட்டிருக்கிறது, ஆட்குறைப்பும் நடந்தது.

ஒரு நல்ல செய்தியையும் சேர்த்துவிடுகிறேன். நிகர்நிலை அவர்கள் குறைப்பட்ட கட்டாயப் பங்களிப்பை 2030-31-க்குள் அடிப்படை வரவுசெலவில் பாதியாக உயர்த்துவதென 2022-இல் முடிவாகியிருந்தது. அதன்படி 2025 மே மாதத்திலும் 20 விழுக்காடு உயர்வை உறுப்பு நாடுகள் ஏற்றன. அமெரிக்கா விலகிக்கொண்டிருந்த நேரத்தில், ஏழை நாடுகளும் சேர்ந்து கைதூக்கி ஒப்புக்கொண்ட உயர்வு அது. கொடையைவிடச் சந்தா மேல். சந்தா கட்டியவனால் கணக்குக் கேட்க முடியும்.

நைரோபி மருந்தாளுநர் எழுதியது:

சாலையோரம் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். இங்கே கைமாற்றம் பற்றிய கூட்டங்கள் தொடங்கியிருக்கின்றன. பேசுபவர்கள் எல்லாம் விழுக்காடுகளையே பேசுகிறார்கள். உங்கள் ஊரில் வெளிநாட்டுத் திட்டம் அரசிடம் போனபோது களத்தில் உண்மையில் என்ன செய்தீர்கள் என்பதைச் சற்று விரிவாக எழுத முடியுமா? அடுத்த கூட்டத்தில் நான் சொல்ல விரும்புகிறேன்.

சாலையோரம் எழுதியது:

தம்பி, நினைவிலிருப்பதை எழுதுகிறேன். கேட்ஸ் அறக்கட்டளை 2003-இல் தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் தொடங்கிய அவாஹன் என்ற எச்.ஐ.வி. தடுப்புத் திட்டம் கைமாறிய காலத்தில் நான் ஒரு மாவட்டத்தின் மேற்பார்வையாளன். 2009, 2011, 2012 என்று மூன்று தவணைகளில் ஒப்படைத்தார்கள். முதல் தவணையில் சிறு பங்குதான் போனது. அதில் நேர்ந்த தவறுகளைப் பார்த்துத் திருத்திய பிறகே பெரும் பங்கைக் கடைசியில் கொடுத்தார்கள்.

ஒப்படைப்பதற்கு முன்பே எங்கள் செலவை அரசு கொடுக்கும் அளவுக்குக் குறைக்கத் தொடங்கினோம். வெளிநாட்டுப் பணத்தில் கிடைத்த சம்பளமும் வண்டியும் அரசுத் திட்டத்தில் கிடைக்காது. கடைசி நாளில் திடீரென இறக்கினால் ஆட்கள் போய்விடுவார்கள் என்பதால், அரசின் விகிதத்துக்கு முன்கூட்டியே இறங்கினோம். அந்த மாதங்கள் கசப்பானவை. என்னிடம் நேரில் வந்து அழுதவர்கள் உண்டு. அறிக்கைப் படிவங்களையும் முன்பே மாற்றினோம்; சில காலம் ஒரே வேலைக்கு இரண்டு படிவம், ஒன்று பழையவர்களுக்கு, ஒன்று மாநிலச் சங்கத்துக்கு. அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை இடமான நம்பிக்கை மையத்து ஆலோசகரையும் அரசு மருத்துவமனைச் செவிலியரையும், எங்கள் திட்டத்தில் இருந்த பாலியல் தொழிலாளர் பெண்களிடம் அழைத்து வந்து அறிமுகம் செய்தோம். “இனி இந்த அம்மாவிடம் போகலாம், பெயர் சொல்லத் தேவையில்லை, இந்த எண்ணைச் சொன்னால் போதும்” என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னோம். பெயர்ப்பட்டியலை அப்படியே கொடுக்கவில்லை. எண் மட்டும் இருந்த பதிவேட்டைக் கொடுத்தோம். எந்த எண் யாருடையது என்ற சாவிக் குறிப்பு, அந்தப் பெண்கள் தாங்களே நடத்திய சங்கத்தின் பெட்டியில் இருந்தது. உங்கள் நீதிமன்ற வழக்கைப் பற்றிப் படித்தபோது அந்தப் பெட்டிதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்லமாட்டேன். அரசின் அளவுகோலில் இடமில்லாத வேலைகள் சில விடுபட்டன. இரவில் போலீஸ் தொல்லை வந்தால் ஓடிப்போய் நிற்க ஒரு குழு வைத்திருந்தோம். அதற்கு அரசுப் படிவத்தில் தலைப்பு இல்லை, எனவே பணமும் இல்லை. ஒரு வருடம் சங்கத்துப் பெண்களே ஆளுக்குக் கொஞ்சம் போட்டு நடத்தினார்கள், பிறகு நின்றுவிட்டது. ஆகவே உங்கள் கூட்டத்தில் விழுக்காட்டைக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: அந்த வழிகாட்டித் தாய்மாருக்கு அரசுப் படிவத்தில் ஒரு வரி இருக்கிறதா? இல்லையென்றால், ஒப்படைக்கும் நாளுக்கு முன்பாக அந்த வரியை எழுத வைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு எழுத வைப்பது மிகவும் கடினம்.